ஆர் ஸ்டூடியோவில் ஓடுகிறது, கறுப்புத் திரையில் ஓட மறுக்கிறது

புறக்கோட்டைக் கணக்குப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். பெயரைப் பார்த்துவிட்டு ஐயா என்று எழுதிவிடாதீர்கள், நான் பெண்தான். கடையில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதையே இங்கேயும் வைத்துக்கொண்டேன். வெள்ளவத்தையில் ஏறி 101 பஸ்ஸில் நின்றபடி கைப்பேசியில் தட்டுகிறேன். இதில் தமிழ் விசைப்பலகை மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்கிறது, அதனால் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டு வாசித்தால் பிடிபடும்.

நான் வேலை செய்வது நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில். பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய், மைசூர்ப் பருப்பு, நெத்தலிக் கருவாடு. முதலாளியின் தம்பி ஒவ்வொரு இரவும் அடுத்த நாள் மூட்டை விலையை எக்செலில் போட்டு, காற்புள்ளி பிரித்த கோப்பாகச் சேமித்துவிடுவார். காலையில் நான் போய் அதை ஆர் என்ற புள்ளிவிபர நிரல் மொழியில் வாசித்து, கிலோ விலையாக மாற்றி, கடந்த இரண்டு வாரத்து ஏற்ற இறக்கத்தை ஒரு படமாக வரைந்து, ஹற்றன், நுவரெலியா, மட்டக்களப்புப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவேன். கம்பஸில் புள்ளிவிபரவியல் படித்ததற்குக் கிடைத்த பலன் இது. முதலாளிக்கு இதில் பெருமை, பக்கத்துக் கடைகளில் இது இல்லையாம்.

கடை லெப்டொப்பில் நினைவகம் 4 ஜிபிதான். ஆரை எழுதி ஓட்டும் செயலியான ஆர் ஸ்டூடியோ திறந்து முடிவதற்குள் நாட்டாமிமார் பாதி லொறியை இறக்கிவிடுகிறார்கள். அதைத் திறக்காமலே, ஒரு கட்டளையில் இந்த வேலையை முடிக்க வேண்டும். முடிந்தால் நான் பஸ்ஸில் இருக்கும்போதே.

செய்து பார்த்தவை. வின்டோஸில் கட்டளை அடிக்கும் திரையான பவர்ஷெல்லைத் திறந்து ஆர் என்று அந்த ஒற்றை எழுத்தை அடித்தேன். அதற்கு முன்னால் என்ன கட்டளை அடித்தேனோ அதுவே திரும்ப ஓடியது. பேய் பிடித்த மாதிரி. சரி, ஆர் கோப்பை நேராக ஓட்டும் ஆர்ஸ்கிரிப்ட் என்று அடித்தேன், அப்படி ஒன்றைத் தெரியாது என்றது. ஆர்ஸ்கிரிப்ட் இருக்கும் முழு முகவரியையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டு என்டர் அடித்தேன், அந்த முகவரியை எனக்கே திருப்பிச் சொன்னது. கேட்ட கேள்வியையே பதிலாகச் சொல்லும் பிள்ளை மாதிரி.

பிறகு பழைய கமாண்ட் ப்ரொம்ப்டில் அதே முகவரி வேலை செய்தது. ஆனால் ஸ்கிரிப்ட், அதாவது நான் எழுதிய கட்டளைக் கோப்பு, ஆறாவது வரியில் நின்றுவிட்டது. மூட்டைநிறை என்று ஒரு ஒப்ஜெக்ட் இல்லையாம், கீழே எக்ஸிகியூஷன் ஹோல்டட் என்று ஒரு வரி. இதே கோப்பு ஆர் ஸ்டூடியோவில் ஐந்து மாதமாக ஒரு நாள்கூடப் பிழை காட்டியதில்லை. சோர்ஸ் பொத்தானை அழுத்துவேன், முடிந்துவிடும். திகதியைக் கேட்டு ரீட்லைன் போட்ட வரி ஒன்று இன்னும் கீழே இருக்கிறது, அதுவரை போகவே இல்லை.

ஒரே கணினி, ஒரே கோப்பு. அங்கே ஓடுவது இங்கே ஏன் ஓடவில்லை?


மின்வெட்டு ரசிகன்:

முதல் மூன்று பேயையும் நான் ஓட்டுகிறேன், நான்காவதைப் பெரியவர்கள் யாராவது பார்க்கட்டும்.

பவர்ஷெல்லில் ஆர் என்ற ஒற்றை எழுத்து ஏற்கெனவே இன்னொரு கட்டளைக்குச் சுருக்கப் பெயர். முந்திய கட்டளையைத் திரும்ப ஓட்டுவதுதான் அதன் வேலை. சிறிய எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசமும் அது பார்க்காது. ஆகவே பவர்ஷெல்லில் ஆரை அழைக்க வேண்டுமானால் ஆர்.எக்ஸ் என்று, அதாவது புள்ளியும் இ-எக்ஸ்-இ என்ற வாலும் சேர்த்து அடிக்க வேண்டும். ஆர்ஸ்கிரிப்ட் என்ற பெயருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மேற்கோளுக்குள் எதைப் போட்டாலும் பவர்ஷெல் அதை வெறும் சொல்லாகத்தான் எடுக்கும், சொல்லைத் திருப்பிக் காட்டும். அதை ஓட்டு என்று சொல்ல, முகவரிக்கு முன்னால் அன்ட் குறியைப் போட்டு ஓர் இடைவெளி விடுங்கள். அக்கா மேற்கோள் போட்டது சரிதான். புரோகிராம் ஃபைல்ஸ் என்ற பெயருக்கு நடுவில் இடைவெளி இருக்கிறதே.

தெரியாது என்று சொன்னதற்குக் காரணம், வின்டோஸில் ஆரை நிறுவும்போது அது, கட்டளைகளை எங்கே தேடுவது என்று வின்டோஸ் வைத்திருக்கும் பாத் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை. சூழல் மாறிகள் பகுதிக்குப் போய், ஆர் கோப்புறைக்குள் இருக்கும் பின் (பி-ஐ-என்) என்ற உட்கோப்புறையின் முகவரியைப் பாத்தில் சேருங்கள். திறந்திருக்கும் கறுப்புத் திரையை மூடித் திரும்பத் திறந்தால்தான் தெரியும். நான் இதைத் தெரியாமல் ஒரு பின்னேரம் முழுக்க விழித்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, அந்த முகவரியில் பதிப்பு எண் இருக்கும். நாளைக்குப் புதிய ஆர் போட்டால் பாத் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.


பழைய எஸ் மாணவன்:

பிள்ளை, நான்காவது பேய் கடை லெப்டொப்பில் ஐந்து மாதமாகக் குடியிருக்கிறது. அதற்கு ஒரு பெயரும் உண்டு: புள்ளி ஆர்டேட்டா. பெயர் புள்ளியில் தொடங்குகிற, ஸ்கிரிப்ட் இருக்கும் அதே கோப்புறையில் கிடக்கிற கோப்பு. போய்ப் பாருங்கள், இருக்கும்.

நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். எப்போதோ ஒரு நாள் கொன்சோலில் மூட்டைநிறை என்ற ஒப்ஜெக்டை நீங்களே கையால் உருவாக்கியிருப்பீர்கள். மூடும்போது ஆர் ஸ்டூடியோ, வேலைவெளியை, அதாவது அப்போது நினைவகத்தில் இருக்கும் ஒப்ஜெக்டுகளை, சேமிக்கவா என்று கேட்டிருக்கும். ஓம் என்றிருப்பீர்கள், எல்லோரும் ஓம் என்றுதான் சொல்கிறோம். அடுத்த நாள் திறக்கும்போது அது சத்தமில்லாமல் அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கும். ஸ்கிரிப்டில் அந்த ஒப்ஜெக்டை உருவாக்கும் வரியே இல்லை, ஆனாலும் ஒப்ஜெக்ட் இருக்கிறது. ஆர்ஸ்கிரிப்ட் அப்படிச் செய்யாது. அது ஆரைத் தொடங்கும்போதே நோ-ரெஸ்டோர் என்று சொல்லித்தான் தொடங்குகிறது. வெறும் மேசையில் உட்கார்ந்து, கோப்பில் எழுதியிருப்பதை மட்டும் செய்யும். இல்லாததை இல்லை என்று உள்ளபடி சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், வயதானவனுக்கு அந்தச் சலுகை உண்டு. ஆருக்குத் தாய் எஸ். 1976இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் சேம்பர்ஸும் கூட இருந்தவர்களும் தொடங்கியது. எஸ்ஸில் ஒரு பெயருக்கு மதிப்பைக் கொடுத்த கணமே அது வட்டில் எழுதப்பட்டுவிடும். மூடினாலும் திறந்தாலும் அங்கேயே இருக்கும். அங்கே தரவோடு உட்கார்ந்து கதைப்பதுதான் வேலை, ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டிவிட்டு எழும்பிப் போவது பிறகு வந்த பழக்கம். நியூசிலாந்தில் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகாவும் ரொபர்ட் ஜென்டில்மனும் ஆரைச் செய்தபோது ஒப்ஜெக்டுகளை நினைவகத்துக்குக் கொண்டுவந்தார்கள். வட்டில் வைக்கும் அந்தப் பழைய வழக்கத்தின் வால்தான், மூடும்போது வருகிற அந்தக் கேள்வி. ஆர் 1.0.0 வெளிவந்தது 2000 பெப்ரவரி 29, லீப் நாளில். ஆர்ஸ்கிரிப்ட் அப்போது கிடையாது, 2007இல் 2.5.0 பதிப்போடுதான் வந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆர் ஸ்டூடியோவின் பொது விருப்பங்களில், தொடங்கும்போது புள்ளி ஆர்டேட்டாவை மீட்டெடு என்ற சரி அடையாளத்தை எடுங்கள். மூடும்போது சேமி என்பதை ஒருபோதும் வேண்டாம் என்று வையுங்கள். ஆனால் அந்தக் கோப்பை இப்போதே அழித்துவிடாதீர்கள். முதலில் அதைத் திறந்து மூட்டைநிறைக்குள் என்ன இருக்கிறது என்று வடிவாகப் பாருங்கள். பிறகு அதைச் சிறு கோப்பாக எழுதி, ஸ்கிரிப்டின் தலையில் அதை வாசிக்கும் வரியைச் சேருங்கள்.

அடுத்தது ரீட்லைன். அங்கே போய்ச் சேர்ந்ததும் அது உங்களை ஏமாற்றும். ஆர்ஸ்கிரிப்டில் ஓடும்போது எதிரில் ஆள் இல்லை என்று ஆருக்குத் தெரியும். இன்டராக்டிவ் என்று கேட்டுப் பாருங்கள், ஃபால்ஸ் என்று சொல்லும். அதனால் ரீட்லைன் காத்திருக்காது. வெற்றுச் சொல்லை உங்கள் பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பிழைச் செய்திகூட வராது. திகதியைக் கட்டளையோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்: ஆர்ஸ்கிரிப்ட், ஓர் இடைவெளி, ஸ்கிரிப்டின் பெயர், ஓர் இடைவெளி, திகதி. உள்ளே கமாண்ட்ஆர்க்ஸ் என்ற செயற்கூறு அதை எடுத்துத் தரும். டிரெய்லிங்ஒன்லி என்பதை ட்ரூ என்று வைக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் ஆரின் சொந்தச் சாமான்களும் சேர்ந்து வரும். வருவதெல்லாம் எழுத்துச் சரம்தான். எண்ணாக வேண்டுமென்றால் நீங்கள்தான் எண்ணாக்க வேண்டும், திகதியாக வேண்டுமென்றால் திகதியாக்க வேண்டும். ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் இன்றைய திகதி என்று ஒரு இஃப் போடுங்கள், காலையில் தட்டுவதற்கு ஒரு வேலை குறையும்.


கொட்டாஞ்சேனைக் குறுக்குவழி:

இதற்கு ஏன் இவ்வளவு பெரிய கதை? ஆர்ஸ்கிரிப்டை விட்டுவிட்டு ஆர் சிஎம்டி பேட்ச் என்று போட்டு ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுங்கள். அதே கோப்புறையில் இருந்து ஓட்டினால் ஒப்ஜெக்டும் கிடைக்கும், பிழையும் வராது. வெளியீடு ஆர்அவுட் என்ற வாலோடு ஒரு கோப்பில் வந்து விழும். நான் பல வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன்.


பழைய எஸ் மாணவன்:

தம்பி சொல்வது உண்மை, பிழை வராது. பேட்ச் கட்டளை தானாகவே பழைய வேலைவெளியை மீட்டெடுத்து, முடிந்ததும் திரும்பச் சேமிக்கும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அந்த ஒப்ஜெக்ட் எப்போது பிறந்தது, இப்போது அதில் இருப்பது சரியா என்று யாருக்கும் தெரியாது. பேட்சில்தான் ஓட்டுவேன் என்றால் வனிலா என்ற தெரிவையாவது சேர்த்துப் போடுங்கள். அப்போது பழைய வேலைவெளியும் வராது, புள்ளி ஆர்ப்ரொஃபைல் போன்ற தொடக்கக் கோப்புகளும் குறுக்கே வராது. ஓடிய கட்டளைகளையும் வெளியீட்டையும் ஒரே கோப்பில் எழுதிவைப்பது பேட்சில் நல்ல குணம்தான், அதை மறுக்கவில்லை.


புறக்கோட்டைக் கணக்குப்பிள்ளை:

ஐயா, நீங்கள் சொன்னபடி அழிக்காமல் திறந்து பார்த்தேன். வயிற்றைக் கலக்கிவிட்டது.

மூட்டைநிறை என்பது ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு மூட்டை எத்தனை கிலோ என்ற சின்னப் பட்டியல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொன்சோலில் நான்தான் அடித்திருக்கிறேன், இப்போது ஞாபகம் வருகிறது. அதில் செத்தல் மிளகாய் 25 கிலோ என்று இருக்கிறது. ஆனால் மூன்று கிழமைக்கு முன்னால் முதலாளி வேறொரு இறக்குமதியாளரிடம் மாறினார், அவர்களுடைய மூட்டை 20 கிலோ. தம்பியாரின் எக்செலில் நிறைக்கு என்று ஒரு பெட்டியே கிடையாது. ஆகவே மூட்டை விலையை இன்னும் 25ஆல் பிரித்து, மூன்று கிழமையாக மிளகாயின் கிலோ விலையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பில் மூட்டைக் கணக்கில் போடுவதால் கடைக்கு நட்டமில்லை. ஆனால் ஹற்றனில் இருந்து ஒரு கடைக்காரர் போன கிழமை எடுத்து, பட்டியலில் ஒரு விலை பில்லில் ஒரு விலையா என்று சத்தம் போட்டார். அவர் பழைய பட்டியலைப் பார்த்துக்கொண்டு கதைக்கிறார் என்று நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்து, அவருக்கே விளக்கமும் கொடுத்தோம். நான்தான் கதைத்தேன். நேற்று அவருக்கு எடுத்து மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை பிள்ளை, கணக்கென்றால் பிழை வரும்தானே என்றார். அதுதான் இன்னும் குத்துகிறது. கணக்கில் பிழை வரவில்லையே.

இப்போது நிறைக்கு ஒரு தனிக் கோப்பு வைத்தாயிற்று. ஒவ்வொரு வரியிலும் எந்தத் திகதியில் இருந்து அந்த நிறை என்றும் எழுதியிருக்கிறேன். ஆர்ஸ்கிரிப்ட் ஆறாவது வரியைத் தாண்டிவிட்டது. கமாண்ட்ஆர்க்ஸும் சரி. கொட்டாஞ்சேனை அண்ணா கோபிக்கக் கூடாது, உங்கள் வழியில் போயிருந்தால் இதை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

இன்னும் இரண்டு பிரச்சினை இருக்கிறது. பட்டியல் கோப்பில் சாமான் பெயர்கள் தமிழில் வருவதில்லை. வெங்காயம் என்ற சொல், கோண அடைப்புக்குள் யு, கூட்டல் குறி, 0பிபி5 என்று தொடங்கி ஒரு முழம் நீளத்துக்கு ஓடுகிறது. லெப்டொப்பில் இருப்பது ஆர் 4.1. இரண்டாவது, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெடியூலரில் காலை 6 மணிக்கு என்று வைத்தேன். ஓடியதாகச் சொல்கிறது, ஆனால் கோப்பு ஒன்றும் இல்லை. அதே கட்டளையைக் கையால் அடித்தால் வருகிறது. லெப்டொப் இரவில் கடையிலேயே கிடக்கும், முதலாளி சாமி அறைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்.


தெஹிவளை இரவு வேலை:

தங்கச்சி, முதலாவது சுலபம். ஆரைப் புதுப்பியுங்கள். 4.2.0 பதிப்பு 2022 ஏப்ரலில் வந்தது, அதில் இருந்துதான் வின்டோஸில் ஆர், எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யுடிஎஃப்-8ஐத் தன் சொந்தக் குறிமுறையாக எடுத்துக்கொண்டது. வின்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகள் என்றால் போதும். அதற்கு முன்னால் வின்டோஸ் எந்த மொழிக் குறிமுறையில் இருக்கிறதோ அதற்குள் அடங்காத எழுத்தை, நீங்கள் பார்த்தது போல எண்ணாக்கித் துப்பிவிடும். தமிழ் எழுத்துகளுக்கு யுனிகோடில் கொடுத்திருக்கும் இடம் 0பி80இல் தொடங்குகிறது, உங்கள் 0பிபி5 என்பது வ. எழுத்து தொலையவில்லை, முகமூடி போட்டிருக்கிறது. எக்செலில் சேமிக்கும்போதும் யுடிஎஃப்-8 என்று இருக்கும் காற்புள்ளிக் கோப்பு வகையையே தெரிவு செய்யும்படி தம்பியாரிடம் சொல்லுங்கள். புதிய ஆர் போட்டதும், ஆரோடு சேர்த்துக்கொண்ட துணை நிரல்களான பக்கேஜ்களைத் திரும்ப நிறுவ வேண்டியிருக்கும். 4.1க்கும் 4.2க்கும் நூலகக் கோப்புறை வேறு வேறு.

கறுப்புத் திரையில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். அது அந்தத் திரையின் எழுத்துரு செய்யும் வேலை. கோப்பைத் திறந்து பார்த்து முடிவு செய்யுங்கள். படத்தில் ஒற்றைக்கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றால், ராக் என்ற பக்கேஜின் பிஎன்ஜி சாதனத்தில் வரையுங்கள். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலைக்கு அது ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறது.

இரண்டாவதில் நான் ஒரு மாதம் செலவழித்திருக்கிறேன், அதனால் பொறுமையாக வாசியுங்கள். டாஸ்க் ஷெடியூலர் உங்கள் ஸ்கிரிப்டை உங்கள் கோப்புறையில் வைத்து ஓட்டுவதில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் வின்டோஸுக்குள்ளே இருக்கும் சிஸ்டம்32தான் அதற்கு வேலை செய்யும் இடம். விலைக் கோப்பை வெறும் பெயரால் வாசிக்கச் சொன்னால் அங்கே போய்த் தேடும். இருக்காது. ஸ்டார்ட் இன் என்று ஒரு பெட்டி இருக்கிறது, விருப்பமிருந்தால் நிரப்பு என்று போட்டிருப்பார்கள். விருப்பமெல்லாம் இல்லை, கட்டாயம் நிரப்புங்கள். ஆனால் அந்தப் பெட்டியில் மட்டும் மேற்கோள் போடக் கூடாது, போட்டால் டாஸ்க் தொடங்கவே தொடங்காது. எல்லா இடத்திலும் மேற்கோள் போடு என்று மேலே சொன்னார்களே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை.

அப்புறம், விலைக் கோப்பு தம்பியாரின் கணினியில் இருந்து பகிர்ந்த கோப்புறையில் வருகிறதென்றால், அதற்கு இசட் என்றோ எக்ஸ் என்றோ ஒரு டிரைவ் எழுத்துக் கொடுத்திருப்பீர்கள். யாரும் உள்நுழையாத நேரத்திலும் ஓட்டு என்று வைத்த டாஸ்குக்கு அந்த எழுத்து தெரியாது. இரட்டைப் பின்சாய்கோட்டில் தொடங்கும் முழு வலையமைப்பு முகவரியைக் கொடுங்கள். டாஸ்க் வேறொரு பயனரின் பெயரில் ஓடினால் உங்கள் பக்கேஜ்களும் அதற்குத் தெரியாது, அப்படி ஒரு பக்கேஜே இல்லை என்று நிற்கும். உங்கள் பெயரிலேயே ஓட விடுங்கள்.

கண்டிஷன்ஸ் பக்கத்தையும் பாருங்கள். மின்னிணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு என்று ஏற்கெனவே சரி போட்டுத்தான் வரும். விடியற்காலை கரண்ட் போயிருந்தால் லெப்டொப் பற்றரியில் இருக்கும், டாஸ்க் ஓடாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டிய நாட்களில்தான் இதைப் படித்தேன். அந்தச் சரியை எடுத்துவிட்டு, கணினியை எழுப்பி ஓட்டு என்பதைப் போடுங்கள். தவறவிட்டால் முடிந்த கெதியில் ஓட்டு என்று செட்டிங்ஸ் பக்கத்தில் ஒன்று இருக்கும், அதையும் போடுங்கள்.

டாஸ்க் நேராக ஆர்ஸ்கிரிப்டை அழைக்க வேண்டாம். கட்டளைகளை வரிசையாக வைக்கும் சின்ன பேட் கோப்பு ஒன்று எழுதி அதை அழைக்கச் சொல்லுங்கள். அதில் ஆர்ஸ்கிரிப்ட் கட்டளைக்குப் பின்னால் பெரியது என்ற குறியும் ஒரு பதிவுக் கோப்பின் பெயரும், அதற்குப் பின்னால் 2, பெரியது குறி, அன்ட் குறி, 1 என்று இடைவெளி இல்லாமல். இந்த வால் முக்கியம். ஆரில் பிரின்ட் செய்வது ஒரு குழாயில் வரும், மெசேஜும் எச்சரிக்கையும் பிழையும் இன்னொரு குழாயில் வரும். வால் இல்லாவிட்டால் பதிவுக் கோப்பில் நல்ல செய்தி மட்டும்தான் இருக்கும்.

விலைக் கோப்பு இன்றையது இல்லையென்றால் ஸ்கிரிப்ட் ஸ்டொப் என்று நிற்கட்டும். ஆர்ஸ்கிரிப்டில் ஸ்டொப் நடந்தால் வெளியேறும் நிலை 1, ஒழுங்காக முடிந்தால் 0. பேட் கோப்பு அந்த நிலையை எரர்லெவலில் பார்த்து, 1 என்றால் பழைய படத்தை வேறு இடத்துக்கு நகர்த்திவிடட்டும். இல்லாவிட்டால் நீங்கள் பஸ்ஸில் இருந்து நேற்றைய படத்தை இன்றையது என்று அனுப்புவீர்கள். ஹற்றன்காரர் திரும்ப எடுப்பார்.

எங்கள் வேலை லினக்ஸ் சேவரில், டாஸ்க் ஷெடியூலர் மாதிரியான கிரொன்னில் ஓடுகிறது. அங்கே இன்னொரு கூத்து. சேவரின் நேரம் உலகப் பொது நேரமான யுடிசி, கொழும்பு அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். காலை 5 மணிக்கு ஓடிய அறிக்கையில், இன்றைய திகதியைத் தர வேண்டிய சிஸ்.டேட் நேற்றைய திகதியைப் போட்டது, முந்திய நாள் அறிக்கையை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதியது. நேர வலயத்தைச் சொல்லும் டிஇசட் என்ற மாறியில் ஏசியா சாய்கோடு கொலம்போ என்று வைத்த பிறகுதான் சரியானது. வின்டோஸில் உங்களுக்கு இது வராது. ஆனால் முதலாளி எப்போதாவது பழைய கணக்கெல்லாம் எடு என்று சொன்னால் நினைவில் வையுங்கள், 1996இல் இலங்கை நேரம் ஒரு முறை முன்னால் போய், இரண்டு முறை பின்னால் வந்து, 2006இல்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. ஆர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், எக்செல் எடுத்துக்கொள்ளாது.


புறக்கோட்டைக் கணக்குப்பிள்ளை:

அண்ணா, சிஸ்டம்32தான். ஸ்டார்ட் இன் பெட்டியில் முதலில் பழக்கத்தில் மேற்கோளோடு போட்டு, நீங்கள் சொன்ன அதே பிழையையும் ஒருமுறை வாங்கிக்கொண்டேன். ஆரையும் புதுப்பித்தாயிற்று. வெங்காயம் வெங்காயமாகவே வருகிறது. படத்தில் கொம்பு பிரிந்து நின்றது, ராக் போட்டதும் ஒட்டிக்கொண்டது.

சின்னச் சந்தேகம் ஒன்று. ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஆர்ப்ளொட்ஸ் என்ற பெயரில் ஒரு பிடிஎஃப் வருகிறது. நான் அதைக் கேட்கவே இல்லை. அழித்தாலும் அடுத்த நாள் வந்து நிற்கிறது.


மின்வெட்டு ரசிகன்:

அக்கா, அது என் பங்கு. ஸ்கிரிப்டில் எங்கேயோ படச் சாதனத்தைத் திறப்பதற்கு முன்னால் அல்லது மூடிய பிறகு ஒரு ப்ளொட் இருக்கிறது. ஆர் ஸ்டூடியோவில் அது வலது பக்கப் பெட்டியில் தெரிந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஆள் இல்லாமல் ஓடும்போது காட்டத் திரை இல்லை, அதனால் ஆர் அதை ஆர்ப்ளொட்ஸ் பிடிஎஃப்பில் வரைந்து வைத்துவிடும். பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள், எந்த வரியின் வேலை என்று படமே சொல்லும்.


புறக்கோட்டைக் கணக்குப்பிள்ளை:

திறந்து பார்த்தேன். ஜனவரியில் உருளைக்கிழங்கைச் சோதித்துப் பார்க்கப் போட்ட ஒரு ஹிஸ்டோகிராம், கடைசி வரியில் கிடந்தது. எடுத்துவிட்டேன்.

இன்று காலை பம்பலப்பிட்டி தாண்டும்போது கைப்பேசியில் பகிர்ந்த கோப்புறையைப் பார்த்தேன். படம் இல்லை. பதிவுக் கோப்பில் ஒரே ஒரு வரி, நான் தமிழில் எழுதி வைத்தது: இன்றைய விலை இன்னும் வரவில்லை, நேற்றைய கோப்புத்தான் இருக்கிறது. தம்பியாருக்கு எடுத்தேன். நித்திரையில் இருந்து எழும்பி, நேற்று இரவு மறந்துவிட்டேன் பிள்ளை, உனக்கு யார் சொன்னது என்றார். கொள்ளுப்பிட்டிக்குள் விலை போட்டுவிட்டார். இனி பேட் கோப்பைத் திரும்ப ஓட்ட வேண்டும். அதற்குக் கடைக்குத்தான் போயாக வேண்டும், நாட்டாமிமார் லொறியோடு நிற்பார்கள்.